சேற்றில் குதிக்கும் பன்றிக்குட்டியும் ஆங்கிலச் சொற்களும்

மழை விட்டிருக்கிறது. பூட்ஸ் மாட்டிய பன்றிக்குட்டி ஒன்று சேற்றுக் குட்டையில் குதிக்கிறது. தம்பியும் குதிக்கிறான். கடைசியில் அப்பா பன்றி, அம்மா பன்றி என்று குடும்பமே சேற்றில் இறங்கிவிடுகிறது. 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘பெப்பா பிக்’ கார்ட்டூனின் முதல் கதை இவ்வளவுதான், ஐந்தே நிமிடம். அதற்குள் ‘ஜம்ப்’, ‘மட்டி’, ‘படில்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சொல் காதில் விழும் நேரத்திலேயே சேறு தெறிப்பதும் கண்ணில் படுகிறது.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரில் ஒரு குழந்தை இதை அம்மாவின் செல்போனில் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடு, கன்று, கோழியெல்லாம் அதற்கு அன்றாடப் பழக்கம். மழை பெய்தால் தெருவில் தண்ணீர் தேங்குவதும், அதில் குதித்தால் திட்டு விழுவதும் தெரியும். பொருள் முன்பே மனதில் இருக்கிறது. புதிய ஒலிதான் வந்து சேர வேண்டும்.

அந்த ஒலி விலங்கோடு சேர்ந்து வரும்போது எளிதில் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் நேர்ன் குழுவினர், உயிருள்ளவற்றைக் குறிக்கும் சொற்களை உயிரற்றவற்றின் பெயர்களைவிட மனிதர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பதைக் கண்டார்கள். 2015-இல் வெளியான ஆய்வில், முன்பின் தெரியாத சுவாஹிலி மொழிச் சொற்களை ஆங்கிலச் சொற்களோடு இணைத்துக் கொடுத்தபோதும் அதே பலன் கிடைத்தது. வேட்டையாடியும் வேட்டைக்குத் தப்பியும் வாழ்ந்த காலத்தில், அசையும் உயிரைக் கவனிப்பதே உயிர்பிழைக்கும் வழியாக இருந்தது. நினைவாற்றலும் அதற்கேற்ப அமைந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

கணினிக்கே பெப்பா பிக் பாடம் நடத்தியவர்களும் இருக்கிறார்கள். நிக்கோலாஸ், அலிஷாஹி, ஹ்ருபாவா என்ற மூன்று ஆய்வாளர்கள் கார்ட்டூனின் பேச்சொலியையும் காட்சியையும் மட்டும் ஒரு கணினி மாதிரிக்குக் கொடுத்துப் பழக்கினார்கள். எழுத்து வடிவம் எதுவும் தரவில்லை. கார்ட்டூனில் வரும் உரையாடல் கொஞ்சம் குழப்பமானது; பேச்சு ஒன்றாகவும் திரையில் நடப்பது வேறாகவும் பல இடங்களில் இருக்கும். அப்படியிருந்தும், எந்தப் பேச்சு எந்தக் காட்சிக்கு உரியது என்பதை அந்த மாதிரி ஓரளவு பிடித்துக்கொண்டதாக 2022-இல் எழுதினார்கள்.

அப்படியானால் போனைக் கொடுத்து உட்காரவைத்தால் போதுமா? போதாது. கைக்குழந்தை என்றால் பலன் ஏறக்குறைய இல்லவே இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுகிறவர் எதிரே உட்கார்ந்து விளையாட்டுக் காட்டிப் பேசினார், 12 அமர்வுகள். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு வீடியோவாகக் காட்டப்பட்டது. முதல் குழு சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றது. வீடியோ பார்த்த குழு எதையும் கற்கவில்லை.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்குக் கதை மாறுகிறது. அங்கேயும் எல்லா கார்ட்டூனும் ஒன்றல்ல. டெபோரா லைன்பார்கர், டேல் வாக்கர் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ‘டோரா’வும் நீல நாய்க்குட்டி வரும் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ தொடரும் பார்த்த இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் சொல்வளம் கூடியிருந்தது. ‘டெலிடபீஸ்’ பார்த்தவர்களிடம் குறைந்திருந்தது. தமிழில் சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு டோராவும் குரங்குக்குட்டி புஜ்ஜியும் மறந்திருக்காது. டோரா கேள்வி கேட்டுவிட்டுத் திரையிலிருந்தே நம்மைப் பார்ப்பாள், பதிலுக்காகக் காத்திருப்பாள். குழந்தையும் வாய்விட்டுச் சொல்லும். கேட்ட சொல் வாய்க்கு வருவது அந்தச் சில நொடிகளில்தான். ‘ப்ளூஸ் க்ளூஸ்’ ஒரே கதையை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பியது. பார்த்ததையே பார்க்கிறதே என்று பெற்றோர் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழந்தை பதில் சொல்லும் துணிவைப் பெறுவது மறுமுறை பார்க்கும்போதுதான்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயது வந்ததும் இன்னொரு வழி திறக்கிறது. நெதர்லாந்தில் கூல்ஸ்ட்ரா, பீன்ட்யெஸ் என்ற ஆய்வாளர்கள் நான்காம், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் 246 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கிலத்தில் கரடிகளைப் பற்றிய 15 நிமிடப் படம். ஒரு குழுவுக்கு டச்சு வசன எழுத்தோடு, இன்னொன்றுக்கு எழுத்தே இல்லாமல், மூன்றாவதற்கு வேறொரு டச்சுப் படம். 1999-இல் வெளியான முடிவு: தாய்மொழி எழுத்தைப் படித்தபடி ஆங்கிலம் கேட்டவர்களே அதிக ஆங்கிலச் சொற்களைக் கற்றிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் ஆங்கிலக் குரலோடு தமிழ் எழுத்து என்ற இந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. தமிழ்த் தொலைக்காட்சியில் கார்ட்டூன் வந்தால் முழுக்கத் தமிழ்க் குரல். யூடியூபில் ஆங்கிலக் கார்ட்டூன் என்றால் முழுக்க ஆங்கிலம். புதுச்சேரியிலிருந்து இயங்கும் ‘புக்பாக்ஸ்’ அசைபடக் கதைகளை உருவாக்கி, பேசும் சொல் திரையில் நிறம் மாறும்படி தருகிறது. ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பார்க்கலாம். இது அரிய முயற்சி. தமிழக அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் ஆங்கிலக் குரல், தமிழ் எழுத்து என்று விலங்குக் கதைகளை மாலையில் அரைமணி நேரம் தரலாம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கென 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் ஏற்கெனவே வகுப்பறைக்குள் இருக்கின்றன. கார்ட்டூனை நடுவில் நிறுத்தி, “இப்ப பன்றிக்குட்டி என்ன பண்ணுச்சு? இங்கிலீஷ்ல சொல்லு” என்று டீச்சர் கேட்க ஒரு திரை மட்டும் கூடுதலாக வேண்டும்.