எறும்புக்கு வீடமைக்கும் தாவரங்கள்

வெல்லாவெளி மாமரங்களில் முசுறுகள் இலைகளைப் பிணைத்துத் தாமே கூடு கட்டுகின்றன. கோஸ்டாரிக்கக் காடுகளில் மரக்கிளைகளில் தொற்றி வளரும் 'உருளைக்கிழங்குப் பன்னம்' எறும்புகளுக்கு வீட்டையே ஆயத்தமாக அளிக்கிறது.

அதன் கிழங்கை எறும்புகள் குடைவதாக நினைப்பது தவறாகும். இளங்கிழங்கினுள் நீர் தேக்கும் மென்திசு நிறைந்திருக்கும். முதிர்கையில் அது உலர்ந்து சிதைய, வெற்றறை எஞ்சுகிறது. அங்கு குடியேறும் எறும்புகள் சேர்க்கும் கழிவுகளிலிருந்து, உள்ளே நுழையும் வேர்கள் சத்தை உறிஞ்சுகின்றன. மண்ணையே தொடாத தாவரத்திற்கு இதுவும் ஓர் உரம்.

இலங்கையில் இதற்கு நெருங்கிய உதாரணம் பன்னமன்று. தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் 'ஹம்போல்டியா லோரிஃபோலியா' என்னும் சிறுமரம். அதன் பருத்த தண்டுக் கணுவிடைகள் உள்ளீடற்றவை. இயல்பாகவே வாசலும் உண்டு. எறும்புகளோடு சிறு தேனீக்களும் குளவிகளும் அங்கு ஒண்டுகின்றன. துண்டு துண்டாகிப்போன அம்மழைக்காடுகளில் ஒரு மரத்தை வெட்டுவோர், அதன் குடியிருப்பாளர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.