புகைக்காத மனைவிகளும் வேவு பார்த்த சிகரெட் கம்பெனிகளும்



புகை பிடித்தால் புற்றுநோய் வரும் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சினிமா தொடங்கும்முன் காட்டுகிறார்கள். பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறார்கள். ஆனால் பீடியையோ சிகரெட்டையோ கையால்கூடத் தொடாத பெண்ணுக்கும், வீட்டுக்காரர் விடுகிற புகையால் அதே நோய் வரலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் நம்புகிறோம்? "அவர்தானே குடிக்கிறார், எனக்கு என்ன?" என்று கேட்கிற சகோதரிகள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள்.

இந்த உண்மை 1981-லேயே உலகத்துக்குச் சொல்லப்பட்டுவிட்டது. பிறகு ஏன் அது வீட்டு வாசலுக்கு வந்து சேர இத்தனை வருஷம் ஆனது? நடுவில் நின்று தடுத்தது யார்? எப்படித் தடுத்தார்கள்? இந்த மாதம் அதைத்தான் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம். இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. இதில் பெரும்பகுதி, சிகரெட் கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டு, பிறகு வெளியே வந்த காகிதங்களில் இருப்பது.

ஜப்பான் மனைவிமார் தந்த சேதி

ஜப்பானில் டாக்டர் தாகேஷி ஹிராயாமா என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். புகை பிடிக்காத மனைவிகள் 91,540 பேரை அவர் கணக்கில் எடுத்தார். எல்லோரும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 1966 முதல் 1979 வரை, 14 வருஷம், அவர்களில் யார் யார் எந்த நோயால் இறந்தார்கள் என்று பதிவு செய்துகொண்டே வந்தார்.

1981 ஜனவரியில் முடிவு ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. புகைக்காத கணவரின் மனைவியோடு ஒப்பிட்டால், நாளைக்கு 20 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடிக்கிற கணவரின் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு இருந்தது. அந்தப் பெண்கள் செய்த தப்பு என்ன? ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்ததுதான்.

கம்பெனிகளுக்கு இது பெரிய அடி. "புகைப்பவன் தன் விருப்பத்துக்குப் புகைக்கிறான், கெட்டால் அவன் உடம்புதானே கெடும்" என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி அந்தப் பேச்சு எடுபடாது. பஸ்ஸில், ஆபீசில், ஓட்டலில் எல்லாம் தடை வந்துவிடும், விற்பனை குறையும் என்று பயந்தார்கள்.

உள்ளே ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு

அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் சங்கம் உடனே களத்தில் இறங்கியது. ஹிராயாமாவின் கணக்கே தப்பு என்று அறிக்கை விட்டது, விளம்பரமும் கொடுத்தது.

அதே 1981-ல், ஜூலை மாதம், பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற கம்பெனியின் வழக்கறிஞர் ஒரு குறிப்பு எழுதினார். புகையிலைத் தொழிலுக்கு வேலை பார்க்கிற இரண்டு நிபுணர்களே ஹிராயாமாவை நல்ல விஞ்ஞானி என்றும், அவர் ஆய்வு சரி என்றும் கருதுகிறார்கள் என்பதுதான் அந்தக் குறிப்பின் சாரம். பார்த்தீர்களா! அலமாரிக்குள்ளே "சரி" என்று காகிதம், பத்திரிகையில் "தப்பு" என்று விளம்பரம்.

அதோடு விட்டார்களா? ஹிராயாமாவுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஜப்பானில் இன்னொரு ஆய்வுக்குப் பணம் கொடுத்தார்கள். அது 1995-ல் வெளிவந்தது. அதில் தங்கள் கை எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

வேவு பார்க்க ஒரு ஆபீஸ்

கடைத்தெருவில் இந்தக் கம்பெனிகள் ஒன்றுக்கொன்று போட்டி. ஆனால் சுகாதாரக்காரர்கள் விஷயத்தில் ஒற்றுமை! 1977-ல் இங்கிலாந்தில் ஒரு மாளிகையில், பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் ரகசியமாகக் கூடிப் பொது அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 1981-ல் அது 'இன்ஃபோடாப்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அதன் முக்கிய வேலைகளில் ஒன்று கண்காணிப்பு. எந்த நாட்டில் எந்தச் சங்கம் புகைக்கு எதிராகப் பேசுகிறது, எங்கே மாநாடு நடக்கிறது, என்ன சட்டம் வரப்போகிறது என்று சேதி சேகரித்து எல்லாக் கம்பெனிக்கும் அனுப்புவார்கள்.

அமெரிக்காவில் இன்னொரு வழி. 1991 முதல் 1999 வரை அங்கே 17 மாநிலங்களில் 'அசிஸ்ட்' என்ற புகை எதிர்ப்புத் திட்டத்தை அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் நடத்தியது. நம் நாட்டில் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது அல்லவா, அதுபோல அங்கே முன்பே சட்டம் இருந்தது. கம்பெனிகளும் அவர்களுடைய ஆட்களும் அந்தச் சட்டத்தின்கீழ் மனுமேல் மனு போட்டு, திட்டத்தின் காகிதங்களைக் கேட்டார்கள். அதனால் இரண்டு லாபம். திட்டத்தின் உள்விவரம் கைக்கு வரும். பதில் தயாரிப்பதிலேயே ஊழியர்களுக்குப் பொழுது போய்விடும், புகை எதிர்ப்பு வேலை நிற்கும். மக்கள் கேள்வி கேட்பதற்காக வந்த சட்டம், மக்கள் நலத்திட்டத்தையே முடக்கப் பயன்பட்டது.

லியோன் நகர ஆய்வு

பிரான்சில் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஹிராயாமா ஜப்பானில் பார்த்ததை ஐரோப்பாவிலும் பார்க்கலாம் என்று 1988-ல் அது ஓர் ஆய்வைத் தொடங்கியது. 7 நாடுகளில் 12 இடங்களில், நுரையீரல் புற்றுநோய் வந்த, புகைக்காத 650 பேரிடம் விவரம் கேட்டார்கள்.

முடிவு வருவதற்குப் பல வருஷம் முன்பே, பிலிப் மாரிஸ் கம்பெனி இந்த ஆய்வைக் குறிவைத்துவிட்டது. தங்களிடம் சம்பளம் வாங்குகிற ஆலோசகர்கள் மூலமாக ஆராய்ச்சியாளர்களோடு தொடர்பு வைத்து, என்ன முடிவு வரும், எப்போது வரும் என்று நோட்டம் பார்த்தார்கள். பத்து வருஷ ஆய்வுக்கு மொத்தச் செலவே 20 லட்சம் டாலர். அதை எதிர்கொள்ள பிலிப் மாரிஸ் ஒரே வருஷத்துக்குப் போட்ட திட்டமும் 20 லட்சம் டாலர்! அது போக, எதிர் ஆராய்ச்சிக்கு என்று 40 லட்சம் டாலர் வரை.

1998-ல் ஆய்வு முடிந்தது. கணவனோ மனைவியோ புகைப்பவராக இருந்தால், புகைக்காத துணைக்கு ஆபத்து 16 சதவீதம் கூடுதல். வேலை இடத்துப் புகையால் 17 சதவீதம் கூடுதல். ஆனால் 650 என்பது சின்ன எண்ணிக்கை. அதனால் கணக்கியல் முறைப்படி இதை முழு உறுதியோடு சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார்கள். நேர்மையான ஆய்வு அப்படித்தான் எழுதும்.

இதை நம் பாஷையில் சொன்னால் சுலபமாகப் புரியும். ஒரே ஒரு குழுவின் நோட்டைப் பார்த்துவிட்டு, மாவட்டம் முழுவதும் கடன் வசூல் எப்படி என்று அடித்துச் சொல்ல முடியுமா? நூறு குழுவைப் பார்த்தால் சொல்லலாம். "ஒரு குழுவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது" என்றால், "வசூலே ஆகவில்லை" என்று அர்த்தமா?

அந்த அர்த்தத்தைத்தான் பரப்பினார்கள். ஆய்வு இதழில் வருவதற்கு முன்பே, 1998 மார்ச் 8 அன்று, லண்டன் ஞாயிறு பத்திரிகை ஒன்று, அடுத்தவர் புகையால் புற்றுநோய் வராது, அதிகாரபூர்வமாகவே தெரிந்துவிட்டது என்று தலைப்புப் போட்டது. மறுநாளே உலக சுகாதார நிறுவனம் மறுத்து அறிக்கை விட்டது. ஆனால் பொய் ஊரைச் சுற்றி வந்த பிறகுதானே உண்மை செருப்பு மாட்டுகிறது! அந்த வருஷம் அக்டோபரில் முழு ஆய்வும் வெளியானது. 2002-ல் அதே லியோன் மையம் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, அடுத்தவர் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகவே அறிவித்தது.

நூலக வாசலில் துப்பறிவாளர்கள்

இத்தனை ரகசியமும் எப்படி வெளியே வந்தது? 1994 மே மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில், ஸ்டான்டன் கிளான்ட்ஸ் என்ற பேராசிரியருக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் இடத்தில் சொந்தப் பெயர் இல்லை, ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் பெயர்தான். உள்ளே பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் உள்காகிதங்கள், சுமார் 4,000 பக்கம்.

அவற்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் வைத்தார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? 1995-ல் தனியார் துப்பறிவாளர்களை அனுப்பி, யார் யார் வந்து அந்தக் காகிதங்களைப் படிக்கிறார்கள் என்று நூலகத்திலேயே வேவு பார்க்க வைத்தது. பிறகு காகிதங்களைத் திருப்பித் தரச் சொல்லி வழக்கும் போட்டது. வழக்கில் கம்பெனி தோற்றது. 1995 ஜூலை 1 முதல் அவை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்பட்டன.

1998-ல் அமெரிக்க மாநிலங்கள் போட்ட வழக்குகள் சமரசமாக முடிந்தபோது, இன்னும் கோடிக்கணக்கான பக்கங்களைக் கம்பெனிகள் வெளியிட வேண்டி வந்தது. யாரை வேவு பார்த்தோம், அதற்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று கணக்கு வைத்திருந்தார்களே, அந்தக் கணக்கே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. எழுதி வைத்த காகிதம் பேசும் என்பது தீர்மான நோட்டு எழுதுகிற நமக்குத் தெரியாததா?

உலக சுகாதார நிறுவனத்துக்கு உள்ளேயே

அந்த நிறுவனத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஒரு பெண், டாக்டர் குரோ ஹார்லம் புருன்ட்லாண்ட். நார்வே நாட்டின் பிரதமராக இருந்தவர். வெளிவந்த காகிதங்களில் தன் நிறுவனத்தின் பெயரும் இருப்பதைப் பார்த்து, விசாரிக்க ஒரு நிபுணர் குழுவை 1999-ல் அமைத்தார்.

2000-ல் அறிக்கை வந்தது. 1988-லேயே அமெரிக்காவின் போகா ரேட்டன் ஊரில் கூடிய பிலிப் மாரிஸ் அதிகாரிகள், உலக சுகாதார நிறுவனத்தை முக்கியமான எதிரியாகக் குறித்து, அதன் வேகத்தைக் குறைக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். தங்கள் ஆட்கள் என்று சொல்லாமல் ஆலோசகர்களை உள்ளே நுழைத்தது, கூட்டங்களை ரகசியமாகக் கவனித்தது எல்லாம் அறிக்கையில் இருந்தது. சர்வதேசப் புகையிலை விவசாயிகள் சங்கம் ஒன்று ஏழை நாட்டு விவசாயிகளின் குரலாகப் பேசியது. அதற்குப் பின்னாலும் கம்பெனிப் பணம் இருந்தது. விவசாயியின் கஷ்டம் நிஜம்தான். பீடி சுற்றிப் பிழைக்கிற நம் சகோதரிகளின் கஷ்டமும் நிஜம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தைக் கேடயமாகப் பிடித்தவர்கள் வேறு ஆட்கள்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எதிராளி என்ன பேசுகிறார் என்று கவனிப்பது மட்டும் குற்றமில்லை. எல்லோரும் படிக்கிற அறிக்கையைக் கம்பெனியும் படிக்கலாம். ஆளை மறைத்து அனுப்பியதும், பணம் கொடுத்ததை மறைத்ததும், உண்மையைத் தெரிந்துகொண்டே மக்களிடம் மாற்றிச் சொன்னதும்தான் குற்றம். 2006 ஆகஸ்டில் கிளாடிஸ் கெஸ்லர் என்ற அமெரிக்கப் பெண் நீதிபதி, இந்தக் கம்பெனிகள் ஐம்பது வருஷமாக மக்களை ஏமாற்றின, அடுத்தவர் புகை விஷயத்திலும் ஏமாற்றின என்று தீர்ப்பு எழுதினார்.

நம் நாட்டிலும் ஒரு சேதி

2005-ல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. இந்தியா அதற்கு முந்திய வருஷமே ஒப்புதல் தந்துவிட்டது. அதன் 5.3-வது பிரிவு, சுகாதாரக் கொள்கையில் புகையிலைக் கம்பெனிகள் கை வைக்காதபடி அரசுகள் பாதுகாக்க வேண்டும் என்கிறது. மேலே சொன்ன கதையெல்லாம் தெரிந்ததால் வந்த பிரிவு இது.

பிறகும் கண்காணிப்பு நின்றதா? 2016 நவம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இந்த ஒப்பந்த நாடுகளின் மாநாடு நடந்தது. பிலிப் மாரிஸ் ஆட்கள் மாநாட்டு இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஓட்டலில் தங்கி, பிரதிநிதிகளை அணுகும் வேலையைச் செய்தார்கள் என்று 2017-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. பிரதிநிதிகளைச் சந்திப்பதில் தவறில்லை என்பது கம்பெனியின் பதில்.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், சந்தேகம் வேண்டாம். அடுத்தவர் புகையால் உலகத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பீடிப் புகையும் புகைதான். ஜன்னலைத் திறந்து வைத்தாலோ, ஃபேன் போட்டாலோ ஆபத்து போய்விடாது. "வீட்டுக்குள்ளே வேண்டாம், வெளியே போய்க் குடியுங்கள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்வது வாயாடித்தனம் இல்லை. நம் மூச்சையும் பிள்ளைகள் மூச்சையும் காப்பாற்றுகிற வேலை. பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அதையும் தைரியமாக எடுத்துச் சொல்லலாம்.

இரண்டாவது, "அதெல்லாம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை" என்று யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்வது யார்? அவருக்குப் பணம் கொடுப்பது யார்? நாம் நம்பிவிட்டால் லாபம் யாருக்கு? சிகரெட்டுக்கு மட்டுமில்லை, பால் பவுடர், குளிர்பானம், சத்து மாவு என்று எந்த விளம்பரத்துக்கும் இந்த மூன்று கேள்வி பொருந்தும்.

91,540 ஜப்பானியப் பெண்கள் தங்கள் வாழ்க்கையையும் சாவையும் கொண்டு ஒரு உண்மையைச் சொன்னார்கள். அதை அமுக்கப் பார்த்தவர்களிடம் கோடிக்கணக்கில் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது வாரக் கூட்டமும் வாயும்தான். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, படிக்கத் தெரிந்த சகோதரி ஒருவர் இதை வாசித்துக் காட்டுங்கள். எத்தனை வீட்டில் உள்ளே புகை நின்றது என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறோம்.