முதல் ஓ.பி. சீட்டில் இருக்க வேண்டிய வரி

கை முறிந்தால் மாவுக்கட்டு இருக்கும். முதுகில் ஜவ்வு பிதுங்கினால் வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. கட்டடத் தொழிலாளி ஒருவர் சிமென்ட் மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி. கூலி போய்விடுமே என்று அன்றைய வேலையை எப்படியோ முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துப் படுப்பார். மூன்றாம் நாள் கால் மரத்துப்போகும். பத்தாம் நாள்தான் ஸ்கேன். அதற்குள், "வீட்டில் குடம் தூக்கும்போது பிடித்திருக்கும்" என்று முதலாளி தரப்பு சொல்லத் தொடங்கிவிடும். அதை மறுக்கத் தொழிலாளியின் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. முதுகுக் காய வழக்குகள் பெரும்பாலும் பலவீனப்படுவது இந்தப் பத்து நாளில்தான்.

இந்தியச் சட்டம் கேட்பது இரண்டு விஷயம். காயம் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏற்பட்டதா? அந்த வேலையின் காரணமாக ஏற்பட்டதா? 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வைத்த இந்த அளவுகோல், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் மாறவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கப்பலிலிருந்து காணாமல்போன ஒரு மாலுமியின் வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நிரூபணமான சூழ்நிலைகளிலிருந்து நியாயமாக ஒரு முடிவுக்கு வரலாம், வெறும் ஊகத்தை மட்டும் ஏற்க முடியாது என்றது. அந்த வழக்கில் போதிய ஆதாரம் இல்லாததால் இழப்பீடு கிடைக்கவில்லை.

விபத்து என்றால் சாரத்திலிருந்து விழ வேண்டும், லாரி மோத வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1903இல் இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி, இறுகிக் கிடந்த இயந்திரச் சக்கரத்தைத் திருப்ப முக்கியபோது அவருக்குக் குடலிறக்கம் ஏற்பட்டது. அவர் வழுக்கவில்லை, விழவில்லை. எதிர்பாராமல் உடலுக்குள் நேர்ந்த அந்தக் கேடே விபத்துதான் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் 1923 சட்டம் அந்த நாட்டுச் சட்டத்தின் வழியில் வந்தது. வழக்கமான பாரத்தைத் தூக்கும்போது முதுகு விட்டுப்போனாலும் அது விபத்தாகலாம் என்ற வாதத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கு வழி சற்று எளிது. வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும்; மறுப்பதற்கு ஆதாரம் இல்லாதவரை அது வேலையால்தான் நேர்ந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த விபத்து நிறுவனத்தின் விபத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். சூப்பர்வைசர் "அப்புறம் பார்க்கலாம்" என்றால் விடாதீர்கள், அன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. வரம்புக்குள் இருப்பவர் தனியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருத்துவத்தில் பெரிய சண்டை 'தேய்மானம்' என்ற ஒரே சொல்லைச் சுற்றித்தான். நாற்பது வயதுக்காரரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அந்தச் சொல் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஒரு கட்டுரை, இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் ஐம்பது வயதினரில் 80 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தெரிவதாகச் சொல்கிறது. இது இரு தரப்புக்கும் பொருந்தும். ஸ்கேனில் தேய்மானம் தெரிவதால் மட்டும் வேலைதான் காரணம் என்றும் ஆகாது, விபத்து காரணமில்லை என்றும் ஆகாது. நேற்றுவரை மூட்டை சுமந்தவர் இன்று குனிய முடியாமல் கிடக்கிறார் என்றால், அந்த மாற்றம் எந்த நாளில் வந்தது என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே இருந்த பலவீனத்தை வேலையின் பாரம் மோசமாக்கியிருந்தாலும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் பழைய முதுகு வலிக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

அதனால்தான் முதல் ஓ.பி. சீட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் அதை மட்டும் எழுதுவார். "காலை பத்து மணிக்கு, கட்டட வேலையில், மூட்டை தூக்கும்போது வலி வந்தது, வலது காலுக்கு இறங்குகிறது" என்று சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அதன் நகலான ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். பல மாதம் கழித்து வழக்குக்காகவே வாங்கிய சான்றிதழைவிட, வழக்கைப் பற்றிய நினைப்பே இல்லாத அந்த முதல் நாளில் எழுதப்பட்ட வரியை நம்புவது எளிது.

முதலாளிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஸ்பீடு போஸ்ட் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரிக்கு அன்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, வருகைப் பதிவு, கூட வேலை பார்த்தவரின் பெயர் எல்லாமே உதவும். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்தவர் முதன்மை நிறுவனத்திடமும் கேட்க முடியும். மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

விரல், கை, கால், கண் இழப்புக்கு இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. முதுகுக் காயம் அதில் இல்லை. தகுதியுள்ள மருத்துவர்தான் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட வேண்டும். உடலின் ஊனம் 20 சதவீதம் என்று எழுதிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டால் அதுவே தீர்ப்பிலும் வந்துவிடக்கூடும். நீங்கள் செய்த வேலை என்ன, தூக்கிய எடை எவ்வளவு என்று அவரிடம் விளக்குங்கள். இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், தச்சு வேலையே இனி செய்ய முடியாது என்பதால் அது முழு இழப்பு என்பதை 1975இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. மூட்டை தூக்கிப் பிழைத்தவருக்கு முதுகு போனால் அதே கேள்வி எழும்.

இதற்கிடையில் யாராவது ஒரு தொகையைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்கலாம். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும், தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுக்கலாம்.