கைக்குழந்தைக்கு போடும் டி.பி. தடுப்பூசி... புற்றுநோய்க்கும் மருந்து!

பிறந்த குழந்தைக்கு இடது தோளில் ஒரு ஊசி போடுவார்களே, அதுதான் பி.சி.ஜி. காசநோய் தடுப்பூசி. அதே மருந்தை சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

இதற்கு பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் வில்லியம் கோலி என்று ஒரு டாக்டர். கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்கு தோலில் கிருமி தொற்றி கடும் காய்ச்சல் அடித்ததும், பிறகு கட்டியே கரைந்துபோனதும் அவருக்கு தெரியவந்தது. 1891-ல் இன்னொரு புற்றுநோயாளிக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசியில் ஏற்றினார். அடுத்தடுத்து பலருக்கும் போட்டுப் பார்த்தார். சிலருக்கு கட்டி சுருங்கியது. சிலர் கிருமி தாக்கி இறந்தும் போனார்கள்.

காரணம் இதுதான். கிருமி நுழைந்ததும் உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்ளும். அந்த வேகத்தில், அதுவரை கண்ணில் படாமல் இருந்த புற்றுநோய் செல்லையும் சேர்த்து தாக்கும்.

பி.சி.ஜி.யில் இருப்பது வீரியம் குறைத்த உயிர்க்கிருமி. 1976-ல் கனடா டாக்டர் அல்வாரோ மொராலஸ், இதை சிறுநீர்ப்பைக்குள் விட்டு பலன் கண்டதை வெளியிட்டார். இப்போதும் கட்டியை சுரண்டி எடுத்தபிறகு, வாரம் ஒருமுறை என 6 வாரம் குழாய் வழியாக மருந்தை விடுகிறார்கள். 2 மணி நேரம் சிறுநீரை அடக்கி வைக்கணும். எரிச்சல், காய்ச்சல் வரலாம்.

தோளில் தழும்பு இருக்கிறது, நமக்கு புற்றுநோய் வராது என்று நினைக்கக்கூடாது. சிறுநீர்ப்பையின் சதைக்குள் இறங்காத ஆரம்ப நோய்க்குத்தான் இந்த வைத்தியம். அதனால், வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் போனாலும், "சூடு பிடிச்சிருக்கு" என்று இளநீர் குடித்துவிட்டு சும்மா இருக்காதீங்க. உடனே டாக்டரிடம் காட்டுங்க.