வெர்னியருக்கு ஜெர்மனியில் என்ன பேரு?

தாம்பரம் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் 'வெர்னியர் எடுப்பா' என்றால் போதும், கையில் வந்துவிடும். பள்ளிப் புத்தகத்தில் அது வெர்னியர் அளவி.

பழைய ஜெர்மன் மெஷினின் கையேட்டைத் தமிழாக்க உட்காருபவருக்கு இந்தக் கருவியில்தான் வில்லங்கம். (மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959-ல் ஐ.ஐ.டி. வந்த ஊராச்சே நம்முடையது!) அதில் இதன் பெயர் 'ஷீப்லேர'. 'ஷீப்' என்றால் நகர்த்துவது. 'லேர'வுக்கு அகராதி போதனை, தொழிற்பயிற்சி என்றெல்லாம் சொல்லும். ஏமாந்தால் 'நகரும் போதனை'தான்!

பட்டறை ஜெர்மனில் 'லேர' என்றால் கேஜ். சரி, 'நகரும் கேஜ்' என்று எழுதிவிடலாமா? அங்கேதான் ஆபத்து. துளைக்குள் போகிறதா, இல்லையா என்பதோடு கேஜின் வேலை முடிந்தது. வெர்னியரோ 20.02 மி.மீ. என்று கணக்காகச் சொல்லும். கேஜ் என்று படித்த கடைசல்காரர், இன்னும் எவ்வளவு கடைய வேண்டும் என்று தெரியாமல் கூடுதலாகச் சீவிவிட்டால் அந்தத் தண்டு காயலான் கடைக்குத்தான்.

ஜெர்மானியர்களே இப்போது தரநிலைகளில் 'மெஸ்ஷீபர்', அதாவது 'அளக்கும் நகர்த்தி' என்று மாற்றிவிட்டார்கள். பட்டறைகளில் பழைய பெயர் இன்னும் போகவில்லை.

கையேட்டில் 'நோனியுஸ்' என்றும் வரும். அது வெர்னியர் அளவுகோல்தான். 1631-ல் அதை வெளியிட்ட பிரெஞ்சுக்காரர் பியர் வெர்னியரை விட்டுவிட்டு, அவருக்கு முந்தைய போர்ச்சுகீசியக் கணித அறிஞர் பெட்ரோ நூனெஸின் பெயரை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். தமிழில் தயங்காமல் வெர்னியர் என்றே எழுதுங்கள். கடைசல்காரருக்கு நூனெஸ் யாரென்று தெரியாது.