மருந்தறையை விட்டு மாடியேறியவர்

மருந்தாளர் என்றதும் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது வைத்தியசாலையின் ஒரு சிறு யன்னலேயாகும். யன்னலுக்கு அப்பால் வெள்ளை அங்கி. இப்பால் துண்டும் கையுமாக நிற்கும் நீண்ட வரிசை. கலவை மருந்துக்கு வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுபோன காலத்தைப் பெரியோர் சிலர் இன்றும் சொல்லக் கேட்கலாம். வைத்தியர் எழுதுவார், மருந்தாளர் கொடுப்பார், நோயாளி அருந்துவார். அவ்வளவோடு காரியம் முடிந்தது என்றே நாம் எண்ணியிருந்தோம். அந்த யன்னலை விட்டெழுந்து நோயாளியின் கட்டிலருகே வந்து நின்ற மருந்தாளரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றோம்.

1966ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழக வைத்தியசாலையின் ஒன்பதாம் மாடியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. சத்திரசிகிச்சை நோயாளர் தங்கியிருந்த அம்மாடியிலேயே மருந்தாளர்கள் தமக்கு ஓர் இடம் அமைத்துக்கொண்டு, இரவு பகலாகப் பணியாற்றத் தொடங்கினர். மருந்தை மட்டுமன்றி, அதனை உட்கொள்ளும் மனிதரையும் அவர்கள் பார்க்கலாயினர். மருத்துவமனை மருந்தியல் என இன்று வழங்கும் துறைக்கு வித்திட்ட முயற்சிகளுள் இது முதன்மையானது.

தீவிர சிகிச்சைப் பிரிவோ அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பிறந்துவிட்டது. 1952இல் கொப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளைவாதம் வாட்டியபோது, மூச்சுவிட இயலாத நோயாளருக்கு மாணவர்கள் முறைவைத்துக் கையாற் காற்றூட்டி உயிர்காத்தனர். அப்பெருமுயற்சியின் தலைவரான பியோர்ன் இப்சன் என்னும் வைத்தியரே அத்தகைய பிரிவு ஒன்றை முதலில் நிறுவியவர் எனப் போற்றப்படுகின்றார். இரு துறைகளும் ஒன்றுசேர்ந்தால் விளையும் நன்மை யாது என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது பொஸ்ரன் நகரின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலை.

அங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில், காலையில் வைத்தியர்கள் கட்டில் கட்டிலாக நோயாளரைப் பார்வையிடும்போது, அனுபவம் வாய்ந்த மருந்தாளர் ஒருவரும் உடன்சென்றார். லூசியன் லீப் என்னும் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் இதன் பயனை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். மருந்து எழுதும்போது நேரும், தடுத்திருக்கக்கூடிய தீங்குகள், ஆயிரம் நோயாளர்-நாட்களுக்கு 10.4 ஆக இருந்தவை 3.5 ஆகக் குறைந்தன. ஒப்புநோக்குவதற்காக எடுத்துக்கொண்ட மற்றொரு பிரிவில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. மருந்தெழுதுதல் பற்றி மருந்தாளர் கூறிய 366 யோசனைகளுள் 362ஐ வைத்தியர்கள் ஏற்றுக்கொண்டனர். வைத்தியர்கள் பிறர் சொற்கேளார் என்று முணுமுணுப்போர் இவ்வெண்ணைச் சற்றே கவனிப்பாராக!

அப்படியாயின் வைத்தியருக்கு மருந்து தெரியாதா என்று நேயர்கள் வினவலாம். தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவிலுள்ள நோயாளியின் உடல் நேற்றிருந்ததுபோல் இன்றிராது. ஜென்ரமைசின் என்னும் கிருமிகொல்லியைச் சிறுநீரகமே உடலினின்று வெளியேற்றுகின்றது. சிறுநீரகம் சோர்ந்தால் அம்மருந்து இரத்தத்தில் தேங்கி, சிறுநீரகத்தை மேலும் கெடுப்பதோடு செவிப்புலனையும் தாக்கும். இதற்கு மாறாக, நோய் முற்றிய இளவயதினர் சிலரில் சிறுநீரகம் வழமையிலும் விரைந்து வேலைசெய்வதுண்டு. அப்பொழுது நூல்களிற் சொல்லப்பட்ட அளவு போதாமற்போய்க் கிருமி தப்பிவிடும். காலையில் எழுதிய அளவு மாலையிற் பிழையாகலாம்.

இன்னொன்றைப் பாருங்கள். வலிப்பைத் தடுக்கும் பெனிற்றோயின் மருந்தையும் திரவ உணவையும் ஒரே மூக்குக்குழாய் வழியே ஒருங்கே செலுத்தினால், மருந்து உடலிற் சரிவரச் சேர்வதில்லை. மருந்து கொடுத்தும் வலிப்பு வந்துவிடும். ஆகவே உணவை முன்னும் பின்னும் சிறிது நேரம் நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. மெல்ல மெல்லக் கரையுமாறு செய்யப்பட்ட குளிசையைப் பொடியாக்கிக் குழாயிலிட்டாலோ, ஒருநாளைக்குரிய மருந்து முழுவதும் ஒரேயடியாக உடலிற் பாயும். பொட்டாசியம் குளோரைட்டை நீர்க்காமல் விரைந்து நாளத்திற் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். இவை யாவற்றையும், கண்ணிமைக்க நேரமின்றி உழைக்கும் தாதியர் ஒருவரே நினைவில் வைத்திருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமன்று.

மருந்தாளரின் பணி மருந்தைச் சேர்ப்பது மட்டுமன்று. நீக்குவதும் அவர் பணியே. கடும் நோயின்போது இரைப்பைப் புண்ணைத் தடுக்கத் தொடங்கிய குளிசை, தேவை தீர்ந்த பின்னும் நோயாளியோடு வீடுவரை சென்று, மாதக்கணக்கில் தொடர்வதுண்டு. எவரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இராது.

வீட்டாருக்கும் இதில் ஒரு பங்குண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு எடுத்துச்செல்லப்படும் நோயாளி பேசும் நிலையில் இருப்பது அரிது. அவர் வீட்டில் என்னென்ன உட்கொண்டார் என்பதை மற்றவர்களே சொல்லவேண்டும். மூட்டுவலிக்கென ஆண்டுக்கணக்கில் ஸ்ரீரொயிட் குளிசை உண்டுவந்த தாயார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வீட்டார் அதனைச் சொல்ல மறந்தால் குளிசை திடீரென நின்றுபோகும். அதனால் இரத்த அழுத்தம் வீழும். காரணம் புரியாமல் வைத்தியர்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே குளிசைப் போத்தல்கள், பழைய மருந்துத் துண்டுகள், நாட்டு வைத்தியர் கொடுத்த சூரணம், அயல்வீட்டார் தந்த குளிசை ஆகிய அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்லுங்கள். நாட்டு மருந்தைச் சொன்னால் ஏசுவார்களோ என்று அஞ்சி அதனை மட்டும் வீட்டில் விட்டுச்செல்வோர் பலர். அந்தப் பையில் மருந்தாளர் முதலில் தேடுவது பெரும்பாலும் அதைத்தான்.