கடிப்பது நாயின் இனமா, உரிமையாளரின் அலட்சியமா?

புது தில்லி: மூர்க்கமானவை என்று சில நாய் இனங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தால் நாய்க்கடி குறைந்துவிடுமா? மத்திய அரசின் சுற்றறிக்கை ஒன்று 2024-இல் எழுப்பிய இக்கேள்வி, அச்சுற்றறிக்கை ரத்தான பிறகும் ஓயவில்லை.

பிட்புல் டெரியர், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ உள்ளிட்ட 23 வகை நாய்களின் விற்பனைக்கும் இனப்பெருக்கத்துக்கும் அனுமதி வழங்கக் கூடாது. ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்று மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை அவ்வாண்டு மார்ச் 12-இல் மாநிலங்களை அறிவுறுத்தியது. தொடர்புடையவர்களின் கருத்தைக் கேட்காமல் பிறப்பிக்கப்பட்டது என்று கூறி, கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10-இல் இதனை ரத்து செய்தது. அதே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்திலும் அது நிலைக்கவில்லை. நீதிமன்றங்கள் கண்ட குறை நடைமுறை சார்ந்தது. தடையால் பயன் உண்டா என்பது வேறு வினா.

அதற்கு வெளிநாடுகளின் அனுபவம் உதவும். பிரிட்டன் 1991-இல் நான்கு இனங்களைத் தடை செய்தது. ஆயினும் இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் விகிதம் 1998-க்கும் 2018-க்கும் இடையே இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஐந்தாவதாக எக்ஸ்எல் புல்லி வகையையும் 2023 இறுதியில் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. நெதர்லாந்து 1993-இல் கொண்டு வந்த தடையை 2008-இல் கைவிட்டது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் நடந்த ஆய்வும் தடையால் பலன் காணவில்லை. மாறாக, கனடாவின் மானிடோபா மாகாணத்தில் நடந்த ஆய்வு, தடை விதித்த பகுதிகளில் மருத்துவமனைச் சேர்க்கை ஓரளவு குறைந்ததாகக் கூறியது. எனவே தடை அறவே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அதுவே தீர்வு என்பதற்கும் வலுவான சான்று இல்லை.

இந்தியாவின் நிலையோ வேறு. நாடாளுமன்றத்தில் அரசு அளித்த தகவலின்படி, 2024-இல் பதிவான நாய்க்கடிச் சம்பவங்கள் 37 லட்சத்துக்கும் அதிகம். இக்கணக்கு மாநில வாரியானது. இன வாரியானது அல்ல. கடித்தது எந்த நாய் என்றே பதிவாகாத நிலையில், எந்த இனத்தைத் தடை செய்வது என்று எப்படி முடிவெடுப்பது? தெருநாய்களோ 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.53 கோடி. அவை இந்த 23 வகைகளில் எதிலும் அடங்காதவை.

தெருநாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் பிறப்பித்த உத்தரவு இங்கு கவனிக்கத்தக்கது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் தாக்கியவையும் மூர்க்கமாக நடப்பவையும் விதிவிலக்கு என்றது அது. அங்கே அளவுகோல் இனமல்ல, நடத்தை.

வளர்ப்பு நாய்க்கும் இதுவே பொருந்தும். தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957-லேயே நாய்ப் பதிவுக்கு வழிவகுத்துள்ளது. பதிவு, தடுப்பூசி, பொது இடத்தில் கயிறு, கடித்தால் உரிமையாளர் மீது நடவடிக்கை ஆகியவற்றைச் செயல்படுத்தாமல் பட்டியலை மட்டும் நீட்டினால், காகிதத்தில்தான் பாதுகாப்பு இருக்கும்.